படிக்காதவர்கள்தான் பல்லைக் கவனிக்காமல் விடுகிறார்களா?

பதிலை உள்ளே வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறீர்கள். யாருடைய பல்லையோ பார்த்து முகம் சுளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. அது என் பல்லாகக்கூட இருக்கலாம்.

எனக்கு தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். எம்.எஸ்சி. வேதியியல். முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது. தேய்க்காமல் வந்த கறை இல்லை, ஊர்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பார்கள்; எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டியது. சின்ன வயதில், பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில் ஏறிவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியபோது நான் படிப்பே முடித்துவிட்டேன்.

பெங்களூரில் முதல் இன்டர்வியூ. சர்டிபிகேட்டைப் புரட்டிக்கொண்டே ஒருவர், "பாக்கு போடற பழக்கம் உண்டா?" என்றார். "இல்லை சார்" என்று சொல்ல வாயைத் திறக்கவே கூச்சமாகிவிட்டது.

என் அம்மா மூன்றாவது வரைதான். வேப்பங்குச்சியின் நுனியை மென்று பூவாக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, கடைசியில் குச்சியை இரண்டாகக் கிழித்து நாக்கு வழிப்பார். ஆட்டை அவிழ்த்துக் கட்டுவதும் அந்த நேரத்தில்தான். அவர் பல்லிலும் கறை உண்டு. ஆனால் அறுபது தாண்டியும் ஒன்றுகூட ஆடவில்லை. உடனே, வேப்பங்குச்சியே போதும் என்கிறானா என்று பல் டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதே குச்சியில் தேய்த்த அப்பா, புகையிலை போட்டு ஐம்பதிலேயே கடைவாயைக் காலி செய்துவிட்டார்.

நானோ, ராத்திரி எச்சில் சுரப்பு குறையும், அமிலம் எனாமலைக் கரைக்கும் என்று சமன்பாடே எழுதிக் காட்டுவேன். 34 வயது வரை ஒரு ராத்திரிகூடப் பல் தேய்த்ததில்லை. கீழ்க் கடைவாயில் ரூட் கேனல், கேப்போடு சேர்த்து 9,000 ரூபாய். "நைட் பிரஷ் பண்ணுவீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "சில நாள்" என்று பொய் வேறு.

படிப்புக்குச் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. சர்வே எடுத்தால் இரண்டு வேளை தேய்ப்பதும் வலி வருமுன் டாக்டரிடம் போவதும் படித்தவர்களிடம்தான் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ஆனால் அதற்குள் காசும் ஒளிந்திருக்கிறது. எங்கள் ஊரில் பல் வலித்தால் கிராம்பு, தாங்காவிட்டால் பிடுங்கல். கூலியை விட்டுவிட்டு மூன்று தடவை போய் நாற்காலியில் வாயைத் திறக்க யாரால் முடியும்?

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை: என் கல்யாண ஆல்பத்தில் போட்டோக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பல்லுக்கு வெள்ளையடித்துவிட்டார். 'டச்சப்' என்று அதற்குத் தனியாக 1,500 ரூபாய் வாங்கினார். போன வாரம் என் மகள் அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா பக்கத்துல இருக்கறது யாருப்பா?" என்கிறாள்.