பூத்து முடிந்ததும் காய்ந்துபோன கண்வலிக்கிழங்குக் கொடி

கொடி காய்ந்ததால் கிழங்கும் செத்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கிழங்கு பெரும்பாலும் சாகவில்லை, உறங்குகிறது. இன்றே தண்ணீரை நிறுத்துங்கள்.

மார்கழி வரை பூத்த கொடி, தையில் மஞ்சளடித்துக் காய்ந்தது என்கிறீர்கள். செங்காந்தள் என்றும் சொல்லப்படும் இந்தக் கொடிக்கு அது இயல்பு. மண்ணுக்கு மேலே உள்ளதெல்லாம் ஆண்டுதோறும் மடியும். பழைய கிழங்கும் சுருங்கி, பக்கத்தில் புதியது உருவாகியிருக்கும். எனக்குக் கவலை தருவது, கொடி காய்ந்த பிறகும் நீங்கள் தினமும் ஊற்றிய தண்ணீர்தான். இலையில்லாத கிழங்கு நீரை இழுக்காது; தொட்டி மண் ஈரத்திலேயே கிடந்தால் அழுகல் பிடிக்கும்.

தொட்டியைச் சாய்த்து, மண்ணைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். கரண்டியால் குத்த வேண்டாம். கலப்பை வடிவில் இரண்டு கிளையாக இருக்கும் கிழங்கை அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று நாற்றமடித்தால் அந்தப் பகுதி போய்விட்டது. கிளையின் நுனியையும் கவனியுங்கள். முளைக்கும் குருத்து அங்கேதான் இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கிளை எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. (நர்சரியில் வாங்கும்போதும் பலர் பருமனைத்தான் பார்க்கிறார்கள்!)

நல்ல கிழங்கை உலர்ந்த மணலில் நிழலில் வைத்து, ஆனி, ஆடியில் நடுங்கள். ஏறுவதற்குப் பந்தலோ கம்பியோ மெல்லியதாக இருக்கட்டும். இலை நுனிதான் பற்றிக்கொள்ளும், தடித்த கம்பத்தை அதனால் சுற்ற முடியாது.

கடைசியாக ஒன்று: கிழங்கு, விதை எல்லாமே கொல்லும் நஞ்சு; கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் அவற்றில் இருக்கிறது. கையுறை போடுங்கள். சமையலறைப் பக்கம், சேப்பங்கிழங்கோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள்.