ஆக்சிஜனைக் குறைத்த சிஸ்டர்

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருஷப் பீடிப் பழக்கம். போன மாதம் மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். ஆக்சிஜன் வைத்ததும், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல் கருவி 98 காட்டியது, எங்களுக்கும் உயிர் வந்தது. நைட் டூட்டிக்கு வந்த சிஸ்டர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஆக்சிஜனைக் குறைத்தார். எண் 90க்கு இறங்கியது. சத்தம் போட்டேன். "இவருக்கு இது போதும் சார்" என்றார். அப்பா நல்லபடியாக வீடு வந்துவிட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. அது அலட்சியம்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அலட்சியம் இல்லை. முடிந்தால் அந்த சிஸ்டரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

முதலில் அந்த மணிக்கட்டு. அவர் நாடி மட்டும் பார்க்கவில்லை, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். "உங்க மூச்சை எண்ணப்போறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் கை நாடியில் இருக்கும், கண் நெஞ்சில் இருக்கும். முழுசாக ஒரு நிமிஷம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி, 25ஐத் தொட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா ஷீட்டிலும் 20 என்று எழுதிக்கொண்டே போவேன். எண்ண நேரம் ஏது! ஒருநாள் ஹெட் சிஸ்டர் ஒரு கட்டில் முன்னால் நிறுத்தி, "எண்ணு" என்றார். 34 வந்தது. ஷீட்டில் என் கையெழுத்தில் 20. அவர் திட்டக்கூட இல்லை.

எண்ணிக்கையோடு முடிவதில்லை. மூச்சு இழுக்கும்போது கழுத்துத் தசை புடைக்கிறதா, காறை எலும்புக்கு மேல் குழி விழுகிறதா என்று பார்ப்போம். "சாப்பிட்டீங்களா?" என்பதும் சும்மா கேட்கிற கேள்வி இல்லை. முழு வாக்கியமாகப் பதில் வருகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா என்று அதில் தெரிந்துவிடும். வீசிங் நோயாளியின் நெஞ்சில் விசில் சத்தம் நின்றுபோனால் சந்தோஷப்படக் கூடாது. காற்றே போகவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

சரி, ஆக்சிஜனுக்கு வருவோம். மற்றவர்களுக்கு 94 முதல் 98 வரை வைப்போம். சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். அரைத்தூக்கம், குழப்பம், கடைசியில் எழுப்பினாலும் எழாத நிலை. விரல் கருவி அப்போதும் 98 என்றுதான் காட்டும், கரியமில வாயு அதற்குத் தெரியாது. அதனால் இவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. ஷீட்டில் டாக்டர் அதைத்தான் எழுதியிருப்பார். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 பேரை வைத்து ஆம்புலன்சிலேயே நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்த பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்த பிரிவில் 4 சதவீதம். இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களே குமிழைத் திருகாதீர்கள். குறைந்தாலும் ஆபத்துதான்.

வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இளைத்தால் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டு, கைகளை ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் ஆட வேண்டும் ஆனால் அணையக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக ஊதட்டும். விரல் கருவி போடும்போது கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப் பூச்சோ மருதாணியோ இருந்தால் வேறு விரல்.

பகலில் காரணமில்லாமல் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் கார்டை ஆம்புலன்சில் ஏறும்போதே கொடுத்து, "சிஓபிடி இருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பீடியை விட்டுவிட்டாரா இல்லையா, அதை எழுதவே இல்லையே?

அன்புடன்,
அக்கா