வெள்ளிக்கிழமை வரும் போன்

கேள்வி: என் ஒரே மகன் பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறான். ஐந்து வருடத்துக்கு முன் கெடாவில் சுங்கைப்பட்டாணிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டோடு தங்கிவிட்டான். மருமகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு அங்கே போனதோடு சரி. அந்த வடக்கத்தி ஜனங்களுக்கும் நமக்கும் ஒத்துவராது, பேச்சே வேறு. மூன்று வயதுப் பேரன் எதற்கெடுத்தாலும் 'அவாட், அவாட்' என்று கெடா மலாய் பேசுகிறான். சனி, ஞாயிறு குடும்பத்தோடு வாடா என்றால், ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் என்கிறான். சம்பந்தியம்மா தோட்டத்தில் வளர்ந்தவர், நேரம் காலம் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் போன் போடுவார், நான் எடுப்பதில்லை. என் அப்பா சிலாங்கூர் காப்பாரில் ரப்பர் பால் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் இப்படி யாரும் போனதில்லை. மகனை எப்படி மீட்பது?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, மகனைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த போன்.

'நான் எடுப்பதில்லை' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஐந்து வருடத்துக்கு 260 வெள்ளிக்கிழமைகள். பாதி நாள்தான் கூப்பிட்டார் என்றாலும் 130 தடவை. கோயிலிலிருந்து வந்த பிறகு ஒரு தடவையாவது நீங்கள் திருப்பிக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

நேரம் காலம் தெரியாதவர் என்கிறீர்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். உங்கள் மருமகள் ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளிக்கூடம் போகிறாள். அந்த ஐந்து நாளும் உங்கள் பேரனைக் குளிப்பாட்டி, சோறூட்டித் தூங்க வைப்பது யார்? நீங்கள் எழுதவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் அந்த அம்மாவாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மகள் வீட்டில் இருக்கிறாள், பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கை ஓய்ந்ததும் உங்களைக் கூப்பிடுகிறார். அவருக்குக் கிடைக்கிற நேரம் அதுதான்.

மகனுக்கோ பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. வார விடுமுறையை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. ஜொகூர் 2014-இல் வெள்ளி, சனிக்கு மாறியது, 2025-இல் மறுபடி சனி, ஞாயிறுக்கு வந்தது. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மனைவி, இந்தப் பக்கம் புருஷன் வேலை பார்த்தால், இரண்டு பேரும் முழுதாகச் சேர்ந்திருக்கக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில் சின்னப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வந்து, அன்றைக்கே திரும்பச் சொல்கிறீர்கள்.

அப்புறம் அந்த 'வடக்கத்தி ஜனங்கள்'. இந்தப் பேச்சு எனக்கு வருகிற கடிதங்களில் புதிது இல்லை, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரஜூலா மாதிரிக் கப்பல்களில் நாகப்பட்டினத்தில் ஏறிய நம் பெரியவர்கள் முதலில் கண்ட கரை பினாங்கு. அங்கே இறங்கியவர்களில் எத்தனையோ பேர் கெடாத் தோட்டங்களுக்குப் போனார்கள். கப்பலிலேயே இருந்தவர்களில் பலர் அடுத்து கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, காப்பார் மாதிரி இடங்களுக்குப் போனார்கள். கங்காணி எந்தத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தாரோ, அதுதான் குடும்பத்துக்கு ஊர் ஆனது. கெடா 1909 வரை சயாமின் ஆதிக்கத்தில் இருந்தது, சிலாங்கூர் அதற்கு முன்பே வெள்ளைக்காரன் கையில். யார் யாரோ போட்ட கோடு அது. அதை வைத்துக்கொண்டா நீங்கள் கொண்டான் கொடுத்தான் உறவை அளக்கிறீர்கள்? உங்கள் அப்பா பால் வெட்டியது பெருமை, சம்பந்தியம்மா தோட்டத்தில் வளர்ந்தது குறையா? உங்கள் அப்பா இருந்து இந்த வரியைப் படித்திருந்தால் தலை குனிந்திருப்பார்.

சம்பந்தி என்பவர் கல்யாண மேடையில் மாலை மாற்றிக்கொண்டதோடு முடிந்துபோகிற உறவு இல்லை. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவர் அவர். அவர் மதித்துக் கூப்பிடும்போது எடுப்பது உங்கள் கடமை.

மகனையும் நான் விடமாட்டேன். இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்புங்கள். தம்பி, உனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, மனைவிக்குப் பள்ளிக்கூடம். மாதத்தில் ஒரு தடவை நீ தனியாகவாவது வந்து அம்மா கையால் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போ. பெற்றவளைப் பார்ப்பது வசதிப்பட்டால் செய்கிற காரியம் இல்லை.

சரி, இனி நீங்கள் செய்யவேண்டியது. இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நீங்களே கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் "பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள், மிச்சத்தை அவர் பேசுவார். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறுங்கள், சுங்கைப்பட்டாணியிலேயே நிற்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு சம்பந்தியம்மாவோடு போங்கள். சனிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், பேரனைக் கூட்டிக்கொண்டு மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய் வாருங்கள். நம்மவர்கள் கடாரம் என்று சொன்ன மண் அது. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் வந்த இடம்.

கெடா மலாயில் 'அவாட்' என்றால் 'ஏன்'. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, பாட்டி, என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை ரயிலில் யோசித்துக்கொண்டு போங்கள்.