கடிதம்: சென்சார் காட்டிய 3,000 டிகிரி

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு வெப்பநிலை பதிவுசெய்யும் கருவி செய்கிறோம். லினக்ஸ் போர்டு, யுஎஸ்பி சென்சார், சென்சாரோடு பேசும் மென்பொருளான டிரைவர் நாங்களே எழுதியது. காலையில் பவர் போட்டதும் முதல் அளவு சில நாள் 3,000 டிகிரி என்று வரும், சில நாள் ஒழுங்காக இருக்கும். நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டால் பிழை காணாமல் போகும். கடைசியில் நினைவகம் ஒதுக்கித் தரும் கேமாலாக்கை (kmalloc) எடுத்துவிட்டு, அதையே பூஜ்யம் நிரப்பித் தரும் கேஸாலாக்கை (kzalloc) போட்டோம். 3,000 வருவது நின்றுவிட்டது. டீம் லீட் வேலை முடிந்தது என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஓசூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. பிழை அங்கேயேதான் இருக்கிறது.

கேமாலாக் நினைவகத்தைத் துடைத்துத் தருவதில்லை. முன்பு அங்கே இருந்த பைட்டுகள் அப்படியே கிடக்கும். நீங்கள் சென்சாரிடம் 2 பைட் கேட்கிறீர்கள். பவர் வந்த வேகத்தில் அது இன்னும் தயாராகவில்லை, ஒன்றும் தரவில்லை. எத்தனை பைட் வந்தது, அல்லது என்ன பிழை என்பதை யுஎஸ்பி ஃபங்ஷன் திருப்பிச் சொல்கிறது. உங்கள் டிரைவர் அதைப் பார்க்காமல், கிடந்த குப்பையை எடுத்து டிகிரியாக்கியிருக்க வேண்டும். பிரிண்ட் வரி பிடிக்கும் நேரத்தில் சென்சார் தயாராகிவிடும், அவ்வளவுதான்.

இனி அதே காலைகளில் 0 டிகிரி வரும். என் கவலை இதுதான். 3,000-ஐ ஆபரேட்டர் நம்பமாட்டார். ஆனால் இந்த அளவை வைத்து ஸ்டீமைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இருந்தால், அது 0-வை நம்பும். கூழ் சில்லிட்டிருக்கிறது என்று ஸ்டீம் வால்வைத் திறந்துகொண்டே போகும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் யுஎஸ்பி நெட்வொர்க் டிரைவர்கள் சிலவற்றிலும் இதே பிழை இருந்தது. சாதனம் பதில் தராதபோதும், சாதனத்துக்குள் மதிப்பு வைத்திருக்கும் ரிஜிஸ்டரைப் படித்துவிட்டதாக நினைத்து மதிப்பைப் பயன்படுத்தின. காட்டிக்கொடுத்தது கேஎம்சான் (KMSAN). 2022-ல் 6.1 கெர்னலில் சேர்ந்த கருவி, எழுதப்படாத நினைவகத்தைப் படித்துப் பயன்படுத்தினால் சத்தம் போடும். கேஸாலாக் போட்டால் அதன் கண்ணையும் கட்டிவிடுகிறீர்கள். பூஜ்யமும் எழுதப்பட்ட மதிப்புதானே! சோதனைக்குக் கேமாலாக்குக்கே திரும்புங்கள், 64 பிட் எக்ஸ்86 பிசியில் கேஎம்சான் உள்ள கெர்னலை ஏற்றி, சென்சாரைச் செருகி ஓட்டுங்கள். அது சத்தம் போடாவிட்டாலும் பிழை இல்லை என்று அர்த்தமில்லை.

பூஜ்யம் நிரப்புவது தப்பென்று சொல்லவில்லை. கெர்னலின் பழைய தகவல் யூசர் புரோகிராமுக்குக் கசியாமல் அது காக்கும். ஆலைக்குப் போகும் கருவியில் இருக்கட்டும்.

உங்கள் கெர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், கேட்டதைவிடக் குறைவாக வந்தாலே பிழை என்று சொல்லும் யுஎஸ்பி ஃபங்ஷன் அதிலேயே இருக்கிறது. அதற்கு மாறுங்கள். பிழையை மேலே அனுப்புங்கள், திரையில் ‘அளவு இல்லை’ என்று வரட்டும். மாங்காய் சீசனுக்கு முன்னால், டீம் லீடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடும்போதே சென்சாரைப் பிடுங்கிப் பாருங்கள்.