மரத்துக்கு முன்னால் வந்த ரயில்

கேள்வி: அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஷயான் நகரில் மகன் வேலை பார்க்கிறான். ஜூனில் போயிருந்தேன். ஊருக்குள் எங்கு பார்த்தாலும் மரம், தெருவெல்லாம் இலவம்பஞ்சு மாதிரி பறக்கிறது. ஊரைத் தாண்டினால் ஒரு மரம்கூட இல்லை, வெறும் புல். பழைய கடைத்தெருக்கள் வேறு கோணலாகப் போகின்றன. ஏன் இப்படி?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்திருப்பவர்கள் நீங்கள், மரம்தான் முதலில் கண்ணில் படும்! உங்கள் ஊரில் பாதிரி மரம் முந்தி, ஊர் பிந்தி. ஷயானில் தலைகீழ்: முதலில் ரயில், அப்புறம் தெரு, மரம் கடைசியில்தான்.

1867-ல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் அந்தப் புல்வெளியில் இடம் குறித்தார்; அதே வருஷம் நவம்பரில் தண்டவாளம் வந்துவிட்டது. ஊர் இருப்பது 6,000 அடி உயரத்தில். மேற்கே முப்பது மைல் சொச்சத்தில் அன்றைய பாதை 8,200 அடிக்கு மேல் ஏறியாக வேண்டியிருந்தது. அந்த ஏற்றத்துக்கு முன்னால் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். குரோ கிரீக் என்ற சின்ன ஓடை பக்கத்திலேயே ஓடியது.

கோணலுக்குக் காரணமும் ரயில்தான். தண்டவாளம் திசை பார்த்துப் போகாது, மேடு பள்ளம் பார்த்துத்தான் போகும். அது சாய்ந்து போனதால் தெருக்களையும் அதற்கு இணையாகவே போட்டார்கள். பிறகு வளர்ந்த பகுதிகள் நேர் வடக்கு தெற்காக வந்தன. அடுத்த முறை பழைய ரயில் நிலையத்து வாசலில் நின்று பாருங்கள், தெருவின் மறுகோடியில் சட்டமன்றத்தின் தங்க நிறக் கூரை தெரியும். இரண்டுமே 1880-களில் எழும்பியவை. எங்கள் புதுச்சேரியில் ரயில் வந்தது 1879-ல், அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெருக்கள் கட்டம் கட்டமாக இருந்ததால் அது மரியாதையாகத் தெற்கு ஓரத்திலேயே நின்றுகொண்டது.

சரி, மரம். அங்கே ஆண்டு மழை சுமார் 40 செ.மீ.தான், கடலூரில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. காற்றும் பனியும் வேறு. ஓடைக்கரை தவிர எங்கும் மரம் தானாக வராது. ஊருக்குள் நீங்கள் பார்த்ததெல்லாம் மனிதர்கள் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவைதான். அந்தக் குளிருக்கும் வறட்சிக்கும் எது தாங்கும் என்று பார்க்க 1928-ல் அரசாங்கம் ஒரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே தொடங்கியது. பஞ்சு பறக்கவிடுவது காட்டன்வுட் மரம், அதிலும் பெண் மரம் மட்டும். மகன் வாசலில் மரம் வைப்பதாக இருந்தால் ஆண் கன்றாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், ஜன்னல் வலை அடைக்காது.