விபத்தில் சிக்கிய காரை யார் சொன்னால் நகர்த்தலாம்?

வாசகர் கேள்வி: ஐயா, நான் பிறையிலிருந்து பாயான் லெபாஸ் தொழிற்சாலைக்குத் தினமும் பினாங்கு பாலம் வழியாக வேலைக்குப் போகிறவன். போன மாதம் ஒரு காலையில் பாலத்தில் ஒரு லோரி மோட்டார் சைக்கிள் ஒன்றை மோதிவிட்டு, என் காரின் பின்பக்கத்தையும் இடித்தது. மோட்டார் சைக்கிளோட்டி அங்கேயே இறந்துவிட்டார். போலிஸ் வருவதற்கு முன்பே இழுவை லோரிக்காரர் ஒருவர் வந்து, “காரை ஓரமா எடுத்துடலாம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க” என்றார். நான் போடவில்லை. பிறகு போலிஸார் வந்து பாதையை அடைத்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யாரையும் எதையும் தொட விடவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைத் திட்டாத குறைதான். என் கார் இன்னும் போலிஸ் நிலையத்தில் நிற்கிறது. 600 ரிங்கிட் கொடுத்தால் இரண்டே நாளில் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நான் நடந்துகொண்டது சரிதானா? பணம் கொடுக்கலாமா?

சாலை விபத்து வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞரின் பதில்: நீங்கள் கையெழுத்துப் போடாதது மிகவும் சரி. அந்த 600 ரிங்கிட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

முதலில் பாதை அடைப்பு. உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்தில், போலிஸ் அதிகாரியின் அனுமதி இல்லாமல் வாகனங்களை யாரும் நகர்த்தக்கூடாது என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். சில விலக்குகள் உண்டு. அவற்றில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைப் பிறகு சொல்கிறேன். உங்கள் காரை நகர்த்தலாமா என்பதைச் சொல்லும் அதிகாரம் அங்கே நின்ற போலிஸ்காரருக்குத்தான் இருந்தது. இழுவை லோரிக்காரருக்கும் இல்லை, பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கும் இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? முதலில் ரோந்து வண்டி வந்து பாதையை மறிக்கும். நெடுஞ்சாலை நிறுவனத்தின் ஆட்கள் தூரத்திலிருந்தே கூம்புகளை வைத்து வாகனங்களைத் திருப்புவார்கள். யாராவது சிக்கியிருந்தால் பொம்பா, அதாவது தீயணைப்பு வீரர்கள் வண்டியை வெட்டி அவரை வெளியே எடுப்பார்கள். இறந்தவர் இருந்தால், மருத்துவப் பணியாளர் மரணத்தை உறுதிசெய்து உடலை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு நடுவில் போக்குவரத்துப் போலிஸின் விசாரணை அதிகாரி, நாம் ஐஓ என்று சொல்வோமே அவர், படம் எடுத்து, அளந்து, குறித்துக்கொள்வார். அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் இழுவை வண்டிக்கு வேலை. அப்புறம் எண்ணெயையும் கண்ணாடித் தூளையும் கூட்டித் தள்ளி, ஒவ்வொரு தடமாகத் திறப்பார்கள். பாலத்தில் இது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். பிறை பக்கம் டோலைத் தாண்டிவிட்டால் தீவு போய்ச் சேரும்வரை வேறு வழி கிடையாது. உதவிக்கு வரும் வண்டிகளும் அதே நெரிசலில் ஊர்ந்துதான் வர வேண்டும்.

ஐஓ வரையும் அந்தப் படத்துக்கு ராஜா காசார் என்று பெயர். அதோடு குஞ்சி என்று ஒரு விளக்கத் தாளும் இருக்கும். பார்க்கச் சாதாரணமான கோட்டுப்படம்தான். சாலையின் தடங்கள், ஏ, பி, சி என்று எழுத்திட்ட புள்ளிகள், ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து உங்கள் காரின் பின் சக்கரத்துக்கு இத்தனை மீட்டர், அந்தச் சக்கரத்திலிருந்து தடக்கோட்டுக்கு இத்தனை மீட்டர், பிரேக் தேய்த்த தடம் இவ்வளவு நீளம், உடைந்த கண்ணாடி சிதறிய இடம். ஆனால் நீதிமன்றத்தில் லோரியின் காப்புறுதி நிறுவனம், “அந்தக் கார்தான் திடீரென்று தடம் மாறியது” என்று சொல்லும்போது, அதை மறுக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான். காரை அரை மீட்டர் தள்ளிவிட்டிருந்தால்கூட, கோட்டுக்கு உள்ளே நின்ற கார் கோட்டுக்கு வெளியே நின்றதாகப் பதிவாகியிருக்கும். இறந்துபோனவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்கவும் அதே தாள்தான் வேண்டும். பாதையைத் திறந்து பத்து நிமிடம் லோரிகள் ஓடினால் சாலையில் எந்தத் தடயமும் மிஞ்சாது. போலிஸார் அவசரப்படாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது அந்த இழுவை லோரி. யாரும் கூப்பிடாமலே, ஆம்புலன்ஸுக்கு முன்பே வந்து நிற்கிற வண்டியைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். அவர் நீட்டும் தாளில் பாதி இடம் காலியாக இருக்கும். கை நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடும் அந்த ஒரு கையெழுத்தால், உங்கள் கார் நீங்கள் கேள்விப்படாத ஒரு பட்டறைக்குப் போய்விடும். அது உங்கள் காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த பேனல் பட்டறையாக இருக்காது. ‘இங்கே பழுதுபார்க்க ஒப்புக்கொள்ள மாட்டோம்’ என்று காப்புறுதிக்காரர்கள் சொல்வார்கள். ‘இழுத்த கூலி, நாள் வாடகை எல்லாம் கட்டினால்தான் காரைத் தருவோம்’ என்று பட்டறைக்காரர் சொல்வார். நடுவில் நீங்கள் அல்லாட வேண்டியதுதான். இந்தப் புகாரோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் உதவி எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை இன்றைக்கே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் நெடுஞ்சாலை நிறுவனத்தின் ரோந்து வண்டியைக் கேளுங்கள். பிளஸ் நிறுவனத்தின் நெடுஞ்சாலைகளுக்கும் பினாங்கு பாலத்துக்கும் 1800-88-0000.

இழுவை லோரிக்காரரை விட்டால் அடுத்து வருகிறவர் ரன்னர், அதாவது வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகர். காயம்பட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போதே பழம் வாங்கிக்கொண்டு வந்து, “அண்ணே, கேஸ் நான் பார்த்துக்கிறேன், ஜெயிச்சா மட்டும் பங்கு கொடுங்க” என்பார். வழக்கறிஞர் இப்படி ஆள் வைத்து வழக்குப் பிடிக்கவும் கூடாது, நஷ்டஈட்டில் பங்கு பேசவும் கூடாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் அது தவறு. நம் சனங்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். தமிழில் உறவு சொல்லிப் பேசினால் நம்பிவிடுகிறோம். கணவரை இழந்த ஒரு பெண், எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாமல் என் முன்னால் வந்து உட்காரும்போது, என்ன சொல்லித் தேற்றுவது? சாவு வழக்கில் குடும்பம் கேட்கும் இழப்பீட்டுக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. ரன்னரை நம்பி அந்தக் கெடுவையும் தவறவிட்டவர்கள் உண்டு.

உங்களிடம் 600 ரிங்கிட் கேட்பவரும் இதே ரகம்தான். அதிகாரிக்குக் கொடுத்து வேலையை முடிப்பதாக அவர் சொல்வது உண்மையானால் அது லஞ்சம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, கொடுக்கிறவருக்கும் 20 ஆண்டு வரை சிறை உண்டு. அவர் சொல்வது பொய்யானால் உங்கள் பணம் போச்சு.

முன்பு சொன்ன அந்த விலக்கு: வண்டிக்கு அடியிலோ உள்ளேயோ ஆள் சிக்கியிருந்தால், அவரை வெளியே எடுப்பதற்குத் தேவையான அளவு வண்டியை நகர்த்தலாம். போலிஸ் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, சட்டமே அதை அனுமதிக்கிறது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “தொட்டால் கேஸ் ஆகிவிடும்” என்ற பயத்தில் சுற்றி நின்று வீடியோ எடுப்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடியில் கிடப்பவருக்கு மூச்சு விட முடியவில்லை என்றால், பத்துப் பேராகச் சேர்ந்து காரைத் தூக்குங்கள். முடிந்தால் ஒருவர் தூக்குவதற்கு முன் கைப்பேசியில் இரண்டு படம் எடுக்கட்டும். முடியாவிட்டால் படம் வேண்டாம், ஆள்தான் முக்கியம். எங்கிருந்து எவ்வளவு தூரம் நகர்த்தினீர்கள் என்று ஐஓவிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார். தீப்பிடிக்கும் நிலை இருந்தாலும் அப்படித்தான். ஆபத்து நீங்கிய பிறகு ‘இனி ஓரமாகவே தள்ளிவிடலாமே’ என்று தொடராதீர்கள். தேவை முடிந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யாருக்கும் காயமில்லாத சின்ன உரசல் என்றால் கதை வேறு: படம் எடுத்துவிட்டு உடனே ஓரம் கட்டுங்கள்.

இனி உங்கள் கார். முதலில் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் தனியாகப் போலிஸ் புகார் கொடுத்தீர்களா? போலிஸ்தான் அங்கேயே இருந்தார்களே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விபத்தில் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஓட்டுநரும் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் இன்றைக்கே ஒரு வழக்கறிஞரோடு போய்ச் செய்யுங்கள்.

சாவு நேர்ந்த விபத்தில் வாகனங்களை நிறுத்திவைப்பது பிரேக், டயர் எல்லாம் சரியாக இருந்தனவா என்று பரிசோதிக்க. அது முடிந்து, வழக்குக்கு உங்கள் கார் தேவையில்லை என்று ஐஓ முடிவு செய்தால் விடுவிப்பார். எத்தனை நாள் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். கவுண்டரில் “ஐஓ இல்லை, நாளைக்கு வாங்க” என்பார்கள். நாளைக்குப் போனால் அவர் நீதிமன்றத்தில் இருப்பார். வேலைக்குப் போகிற மனிதன் எத்தனை நாள் விடுப்பு எடுப்பது? ஒரு தேதியைச் சொல்லி, ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாத அமைப்பா இது? ரன்னர்களுக்குச் சோறு போடுவதே இந்தத் தாமதம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. புகார் எண், கார் எண், ஐஓவின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, பரிசோதனை முடிந்ததா, எப்போது விடுவிப்பீர்கள் என்று கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மலாயில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலோடு அந்த மாவட்டத்தின் போக்குவரத்துப் போலிஸ் தலைவருக்கு எழுதுங்கள். காரில் டேஷ்கேம் இருந்தால் பதிவின் நகலை ஐஓவிடம் கொடுத்து, மூலப் பதிவு உள்ள மெமரி அட்டையை வீட்டில் பத்திரமாக வையுங்கள். வாட்சப் குழுவில் போடாதீர்கள், இறந்தவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கார் கைக்கு வரும்போது அங்கேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏதாவது கட்டணம் கேட்டால் கவுண்டரில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். அங்கிருந்து நேராகப் பேனல் பட்டறைக்கு.