முன் அச்சு லிஃப்ட் வேண்டுமா? முதலில் கேற்றடியை அளந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கொழும்பில் இரண்டு பழைய போர்ஷே 911 பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2016 ஆம் ஆண்டு கரேரா. ஒன்றில் பட்டனை அழுத்தினால் முன்பக்கம் உயரும் லிஃப்ட் இருக்கிறது. அதற்காக விற்பவர் நல்ல தொகை கூடக் கேட்கிறார். மற்றதில் லிஃப்ட் இல்லை. ஆனால் அது ஒரே கையில் ஓடிய கார், சேர்விஸ் பதிவெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எங்கள் வீட்டு கேற்றடியில் கானுக்கு மேல் சிலாப் போட்டு ஏற்றம் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் வேகன் ஆர் கூட ஆட்கள் நிறைய ஏறினால் அதில் உரசும். லிஃப்ட் உள்ளதை எடுப்பதா? இல்லாததை எடுத்துவிட்டுப் பிறகு வெளியில் பூட்டலாமா?

பதில்: வணக்கம் தம்பி. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வேகன் ஆர் பற்றி நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது. அது தரையிலிருந்து உயரமான கார், மூக்கும் குட்டை. அதுவே உரசுகிற ஏற்றத்தில் 911 ஏறாது. லிஃப்ட் இருந்தாலும் ஏறாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். நான் சொல்லும் அளவுகளை அப்படியே எடுக்காமல் உங்கள் காரிலும் கேற்றடியிலும் நீங்களே நாடா பிடித்துப் பாருங்கள்.

தாழ்ந்த கார் உரசுவது ஏற்றத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதியை எடுங்கள். பார்க்கப் பெரிய ஏற்றம்தான், ஆனால் அது மெதுவாகத் தொடங்குகிறது. எந்தத் தாழ்ந்த காரும் அதில் ஏறும், மான்கள் வழி விட்டால் போதும். காரை உரசுவது ஏற்றம் தொடங்குகிற மூலை. சமதரை முடிந்து சரிவு திடீரென்று எழும்பும் இடத்தில், முன் ரயர் ஏறத் தொடங்கும் முன்பே மூக்கு போய் முட்டிவிடுகிறது.

உதாரணத்துக்கு ஒரு கார். அதன் முன் உதடு, அதாவது முன் பம்பரின் அடி விளிம்பு, தரையிலிருந்து நாலரை அங்குலம். ரயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து உதடு வரை 3 அடி, அதாவது 36 அங்குலம். 36 ஐ நாலரையால் வகுத்தால் 8. ஆகவே 8 அடி போக 1 அடி உயரும் சரிவு வரை அது உரசாமல் ஏறும். உங்கள் காரில் வரும் லிஃப்ட் முன் உதட்டை 40 மி.மீ. உயர்த்தும், அதாவது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். இப்போது உதடு 6 அங்குலத்தில் நிற்கிறது. 36 ஐ 6 ஆல் வகுத்தால் 6. ஆக லிஃப்ட் போட்டால் 6க்கு 1 சரிவு வரை ஏறலாம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சரிவு 8க்கு 1 ஐ விட மெதுவாக உயர்ந்தால் லிஃப்ட் தேவையில்லை. 6க்கு 1 ஐ விடச் செங்குத்தாக இருந்தால் லிஃப்ட் உதவாது. இரண்டுக்கும் இடையில் உள்ள சரிவுகளில்தான் அதற்கு வேலை. கொழும்பில் கட்டடங்களுக்குக் கீழே உள்ள பார்க்கிங் சரிவுகள், சில ஹோட்டல் வாசல்கள், பெற்றோல் ஷெட்டுக்குள் திரும்பும் இடம் எல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் வரும். நம்மூர்க் கேற்றடி பலதும் அதையும் தாண்டிவிடுகிறது. றோட்டைக் கார்ப்பெட் போட்டு உயர்த்துவார்கள், கானைக் கட்டுவார்கள், வீட்டுக்காரர் வெள்ளத்துக்குப் பயந்து வளவை உயர்த்துவார். இத்தனையும் சேர்ந்து இரண்டு மூன்று அடி நீளச் சிலாப்பில் வந்து நிற்கும்.

அளப்பது எளிது. நேரான 4 அடி அலுமினியக் கம்பி ஒன்றும் மேசனிடம் இருக்கும் ரசமட்டமும் போதும். கம்பியின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் வைத்து, மறு முனையைத் தூக்கிப் பிடித்து மட்டம் பாருங்கள். தூக்கிய முனைக்குக் கீழே 6 அங்குலம் இடைவெளி இருந்தால் 8க்கு 1. 8 அங்குலம் இருந்தால் 6க்கு 1. ஏற்றம் 4 அடி நீளமே இல்லையென்றால் 2 அடிக் கம்பியில் 3 அங்குலமும் 4 அங்குலமும் பாருங்கள். இன்னொன்று, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: றோட்டே கானை நோக்கிச் சரிந்துதான் இருக்கும். அந்தச் சரிவையும் அதே கம்பியால் அளந்து இதோடு கூட்டுங்கள். சிலாப் 6 அங்குலம், றோட் ஒன்றரை அங்குலம் என்றால் காருக்கு அது ஏழரை அங்குலம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உவர்மலையில் பார்த்த ஒரு வேலை. அங்கே ஒருவர் தாழ்த்திய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருந்தார். கேற்றடியில் உரசுகிறது என்று வெளியூரில் எங்கேயோ காற்றில் இயங்கும் லிஃப்ட் பூட்டி வந்தார். ஸ்பிரிங்குக்கு மேலே கிண்ணம் மாதிரி ஒரு துண்டு, பின்னால் சின்னக் கொம்பிரசரும் காற்று டாங்கியும். முதல் சில மாதம் நன்றாக வேலை செய்தது. மாரி மழை முடிந்து தை மாதம் காரைக் கொண்டுவந்தார். பட்டனை அழுத்தினால் இடது பக்கம் உயர்கிறது, வலது பக்கம் அசையவில்லை. மூக்கு கோணலாக நின்றதைப் பார்க்கவே மனம் கஷ்டப்பட்டது. வலது பக்க வால்வின் வயர் இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. டாங்கியின் அடித் திருகைத் திறந்தபோது காற்றோடு ஒரு சிரட்டை அளவு தண்ணீரும் வந்தது. பூட்டியவர்கள் அந்தத் தண்ணீரை அடிக்கடி திறந்துவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதைச் சரி செய்து கொடுத்தேன். ஆனால் அவரிடம், கேற்றடியையும் ஒருமுறை அளப்போம் என்றேன். 6 அங்குல உயரம், இரண்டரை அடி நீளம். 5க்கு 1. லிஃப்ட் முழுதாக வேலை செய்தபோதும் அந்தக் கார் அதில் உரசித்தான் இருந்திருக்கிறது. சிலாப்பின் விளிம்பில் பழைய கறுப்புக் கீறல்கள் வரிவரியாக இருந்தன. ஒரு மேசனும் உதவியாளும் இரண்டு நாள் வேலை செய்தார்கள். றோட் பக்கம் நீட்ட முடியாது, அது பொது இடம், கானும் அடைபடும். அதனால் கேற்றுக்கு உள்பக்கம் தரையை வெட்டிப் பதித்து ஏற்றத்தை 5 அடிக்கு நீட்டினோம். 10க்கு 1 ஆனது. கேற்றின் அடியில் ஒரு துண்டு ஒட்டவேண்டி வந்தது. மேல் மூலையையும் கூராக விடாமல் வளைத்து இழுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் அந்த இடத்தில் பட்டனைத் தொடுவதில்லை.

மேல் மூலையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் உயர்த்துவது மூக்கை, வயிற்றை அல்ல. கார் பின் அச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் எழும்புகிறது. உங்கள் 911 இல் இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 2450 மி.மீ. உதடு முன் அச்சைத் தாண்டி ஏறக்குறைய ஒரு மீற்றர் முன்னால் இருக்கிறது. உதட்டில் 40 மி.மீ. கூடினால் முன் அச்சில் 28 அளவில்தான் கூடும். காரின் நடுவில் 14. அரை அங்குலம்.

இது வேகத்தடைகளில் தெரியும். 12 அடி நீளத்துக்கு வளைவாகப் போட்ட 4 அங்குல வேகத்தடை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. காரும் அதன் மேல் வளைந்தே போகும், இரண்டு அச்சுக்கும் நடுவில் 2 அங்குலத்துக்கும் குறைவாகத்தான் அது எழும்பும். ஒழுங்கைகளில் ஊர்க்காரர் தாங்களே ஒரு அடி அகலத்தில் போடும் சீமெந்துத் திட்டு அப்படியல்ல. முன் ரயர் தாண்டியதும் அந்த 4 அங்குலமும் அப்படியே வயிற்றுக்குக் கீழே நிற்கும். அங்கே லிஃப்ட் தருவது அரை அங்குலம்தான். நிலாவெளிப் பக்கம் மணல் ஒழுங்கைகளில் இரண்டு ரயர்த் தடத்துக்கும் நடுவில் எழும்பி நிற்கும் மேட்டுக்கும் இதே கதைதான். ஆள் ஏற்றாமல், நடந்து போகும் வேகத்தில் போவது தவிர வழியில்லை. ஏறப்போகும் நேரம் பிறேக்கில் காலை வைத்திருக்காதீர்கள். பிறேக் பிடிக்கும்போது மூக்கு தாழும், லிஃப்ட் கொடுத்த உயரத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். முன்பே வேகத்தைக் குறைத்து, பிறேக்கை விட்டு, காரைச் சற்றுக் கோணலாகத் திருப்பி ஒரு ரயர் முதலில் ஏறும்படி போங்கள். கேற்றடியில் இந்த ஒரு பழக்கத்தாலேயே பாதி உரசல் போய்விடும்.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தார்கள். அதற்கு முன்பு தண்ணீரைக் கடக்கப் பாதை என்ற மிதவையில் காரை ஏற்றி இறக்கிய காலத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், லிஃப்ட் இல்லாத காரைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு ஹபரண, கந்தளாய் வழியாகக் கொழும்புக்குப் போகும் ஏ6 வீதியில் அது தேவைப்படும் இடமே இல்லை. எப்படியும் 35 கி.மீ. வேகம் அளவுக்கு மேல் அது தானாக இறங்கிவிடும். லிஃப்ட் தூக்கியிருக்கும்போது சஸ்பென்ஷன் கீழே இறங்க இடம் குறைவு. குழியில் விழுந்தால் கடும் அடி அடிக்கும். ஒழுங்கை முழுக்கத் தூக்கிக்கொண்டே ஓடாதீர்கள், உரசும் இடத்தில் மட்டும் தூக்குங்கள். வெள்ளத்துக்குள் இறங்கவும் அதை நம்ப வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? என்னைக் கேட்டால் ஒரே கையில் ஓடிய, பதிவுகள் உள்ள காரை எடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைப் பிடித்து ஓட்டியவர்கள் அதிகம், சரியாகப் பார்த்தவர்கள் குறைவு. என்ஜினையும் கியர்பொக்ஸையும் ஒழுங்காகப் பார்த்த கார் கிடைப்பது லிஃப்ட் கிடைப்பதை விடப் பெரிது. கூடக் கேட்கும் தொகையில் ஒரு பங்கைக் கேற்றடியில் போடுங்கள். அப்பாவின் வேகன் ஆருக்கும் அது நல்லது. இரண்டு காரும் நிலைமையில் சமம் என்றிருந்தால் லிஃப்ட் உள்ளதைத்தான் சொல்லியிருப்பேன், அதுவும் நீங்கள் கொழும்புக்கு அடிக்கடி போவதென்றால்.

இல்லாததில் பிறகு பூட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கம்பனி லிஃப்ட் என்பது பட்டன் மட்டுமல்ல. பம்ப், எண்ணெய்க் குழாய்கள், உயர்த்தும் சிலிண்டர் உள்ள முன் ஸ்ட்ரட்டுகள் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தாங்கிகள்), கன்ட்ரோல் யூனிட், வயரிங் எல்லாம் சேர்ந்தது. காற்று லிஃப்டுக்கு உவர்மலைக் கார் சாட்சி. உப்புக்காற்று அடிக்கிற ஊரில், பக்கத்தில் பார்த்துச் செய்ய ஆள் இல்லாத பொருளைக் காருக்குள் வைப்பது தலைவலி.

உரசிவிடுமோ என்ற பயம் கொஞ்சம் இருக்கட்டும், அளவுக்கு மிஞ்ச வேண்டாம். 911 இன் மூக்குக்குக் கீழே இருக்கும் கறுப்பு உதடு தனித் துண்டு, கழற்றி மாற்றலாம். நான் அதைவிடக் கவலைப்படுவது ரேடியேட்டர்களைப் பற்றி. அவை முன் பம்பரின் இரு பக்கக் காற்று வாய்களுக்குள்ளே இருக்கின்றன, ஏசியின் கண்டென்சர் அவற்றுக்கும் முன்னால். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் காரில் மணலும் சவுக்கு இலையும் அங்கே போய்த் தங்கும், அதன் மேல் உப்பு ஈரம் படியும். எந்தக் காரை எடுத்தாலும் வந்த முதல் வாரம் பம்பரைக் கழற்றி அதைச் சுத்தம் செய்யுங்கள்.

ஒருவேளை லிஃப்ட் உள்ள காரையே எடுப்பதாக முடிவு செய்தால், பார்க்கப் போகும்போது நாடா கொண்டு போங்கள். சமதரையில் நிறுத்தி, இரண்டு முன் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து குறியுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து பட்டனை அழுத்துங்கள். 5 செக்கனில் உயர்ந்து நிற்க வேண்டும். மறுபடி அளந்தால் இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலே, ஒரே அளவில் கூடியிருக்க வேண்டும். அப்படியே பத்து நிமிடம் விட்டுத் திரும்ப அளந்து, தாழ்ந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு இறக்கி, பழைய அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பி, உள்ளே டோர்ச் அடித்து ஸ்ட்ரட்டைப் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால், விற்பவர் அந்த லிஃப்டுக்காகக் கூடக் கேட்கும் தொகையில் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.